நூறு வயதில் 1500 மீட்டர்

மூட்டுவலியுடன் வருவோரிடம் நீந்தலாமே என்று நாங்கள் கூறினால், "இந்த வயதிலா?" என்ற மறுகேள்வியே பெரும்பாலும் எழுகிறது. ஜப்பானின் மியேகோ நகாவோகா, முழங்கால் தொல்லைக்காக நீந்தத் தொடங்கியபோது எண்பதை எட்டியிருந்தார். 2015இல், நூறு வயதில், 1500 மீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றே கடந்து நீந்தி முடித்தார்.

அவர் பங்கேற்றது 'மாஸ்டர்ஸ்' நீச்சல் போட்டி. 25 வயது முதற்கொண்டோருக்கான இதன் உலகப் போட்டிகள் 1986இல் டோக்கியோவில் தொடங்கின. வயதுப் பிரிவுகள் ஐந்தைந்து ஆண்டுகளாக அமைந்திருப்பதால், எண்பது வயதினரின் வெற்றி தோல்வி அவ்வயதினருக்குள்ளேயே கணக்கிடப்படும். மேடையிலிருந்து பாய இயலாதோர் நீருக்குள் இருந்தபடியே சுவரை உந்திப் புறப்படலாம். எங்களுக்கு மிகவும் பிடித்த விதி இது.

இடுப்பளவு நீரில் மூட்டுகள் சுமக்கும் எடை ஏறத்தாழப் பாதியாகிறது. நீந்தத் தெரியாதோர் அதில் நடந்தாலே நன்று. ஆனால், இதயத்திற்கு இச்சலுகை இல்லை. நீரின் அழுத்தம் கால்களிலுள்ள இரத்தத்தை மார்பை நோக்கித் தள்ளுவதால் அதன் பணி கூடுகிறது. ஆகவே, மாரடைப்பு கண்டோரும் இதயச் செயலிழப்பு உடையோரும் எங்களைக் கலந்தாலோசித்த பின்னரே நீச்சல் குளத்தில் இறங்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோருக்குக் கரையேறுகையில் தலை சுற்றக்கூடும். கைப்பிடியைப் பற்றிப் படியில் சற்று நின்று, பின்னர் மெல்ல ஏறுங்கள்.