குளத்தில் நடக்கும் பந்தி

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறுவோர் வெள்ளி அருவியைக் கடந்த சிறிது தொலைவில் செண்பகனூரை அடைவர். 1895ஆம் ஆண்டில் இயேசு சபையினர் இங்கு நிறுவிய திருஇருதயக் கல்லூரியையும், அதனோடு வளர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் நம் வாசகர்களுள் பலர் கண்டிருப்பர். அருட்தந்தை ஆங்லாட் இம்மலையின் செடிகொடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அருட்தந்தை கே. எம். மத்தேயு பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999இல் வெளியிட்டார். ஓர் இலையையும் ஒரு பூச்சியையும் பொறுமையோடு உற்றுநோக்கும் பழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று.

அருங்காட்சியகத்தில் பறவைக்கு ஒரு பேழை, பாம்புக்கு ஒரு பேழை, பூச்சிக்கு ஒரு பேழை. உயிரோடு இருக்கையில் அவை இவ்வாறு தனித்தனியே வாழ்வதில்லை. ஒன்றை ஒன்று உண்டும், ஒன்றுக்கு ஒன்று உணவாகியும் வாழ்கின்றன. இவ்வுறவை உணவுச் சங்கிலி என்பர் அறிவியலார். இதனைக் காண நாம் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்தில் இரண்டு முழ ஆழத்தில் ஒரு சிறு குளம் இருந்தால் போதும்.

பந்தியின் வரிசைகள்

குளத்தில் நடக்கும் பந்திக்குச் சமைப்பது கதிரவன். நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளும், கல்லில் படரும் வழுக்குப் பாசியும், நீர்ச்செடிகளும் கதிரவன் ஒளியைக் கொண்டு, நீரையும் கரியமில வாயுவையும் உணவாக மாற்றுகின்றன. பிராண வாயுவும் அவற்றிலிருந்து வெளிவருகிறது. பிற உயிர் எதுவும் இவ்வேலையைச் செய்ய இயலாது. ஆகவே குளத்து நீரின் பச்சை நிறத்தைக் கண்டு முகம் சுளிப்பவர், அடுப்பங்கரையைக் கண்டு முகம் சுளிப்பவரை ஒத்தவரே.

அடுத்த வரிசையில் அமர்வன பாசியை மேய்பவை. கடுகளவுகூட இல்லாமல் துள்ளித் துள்ளி நீந்தும் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுப்பூச்சி, பாசியை வடிகட்டி உண்கிறது. நத்தை கல்லைச் சுரண்டுகிறது. தவளையின் தலைப்பிரட்டை இலையைக் கறம்புகிறது. கொசுப்புழுவும் இவ்வரிசையைச் சேர்ந்ததே.

மூன்றாம் வரிசையில் வேட்டையாடிகள் உள்ளன. வானில் அழகாய்ப் பறக்கும் தும்பி, தன் இளமைப் பருவத்தை நீருக்கடியில் கழிப்பதைப் பலர் அறியார். அவ்விளம்பூச்சி, மடக்கி வைத்திருக்கும் கீழ்த்தாடையைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுவையும் சிறு தலைப்பிரட்டையையும் கவ்விப் பிடிக்கும். சிறு மீன்கள் நீர்த்தெள்ளுப்பூச்சிகளை விழுங்குகின்றன. இவற்றுக்கும் மேலே தவளையும், அதனை உண்ணும் தண்ணீர்ப் பாம்பும், மீனைக் கவ்விச் செல்லும் மீன்கொத்தியும் வருகின்றன.

பந்தி முடிந்தபின் எச்சில் இலை எடுப்பவர் வேண்டுமல்லவா? குளத்தின் அடிச்சேற்றில் அப்பணி நடைபெறுகிறது. உதிர்ந்த இலையையும், இறந்த உயிரையும், கழிவையும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் புழுக்களும் சிதைத்து, பாசிக்கும் செடிக்கும் மீண்டும் உரமாக்குகின்றன. கடைசி வரிசையின் எச்சமே முதல் வரிசைக்கு உரமாகிறது. இச்சேற்றைச் சுரண்டி, நீர் முழுவதையும் இறைத்து, மாதந்தோறும் குளத்தைக் 'கழுவும்' இல்லத்தார், சமைப்பவரையும் எச்சில் எடுப்பவரையும் ஒருங்கே வெளியேற்றுகின்றனர்.

ஏறும்போது குறையும் உணவு

இப்பந்தியில் முதல் வரிசை உண்ட அளவு கடைசி வரிசைக்குக் கிட்டுவதில்லை. இதனைத் தெளிவாக விளக்கியவர் ரேமண்ட் லிண்டெமன் என்னும் அமெரிக்க இளைஞர். மினசோட்டா மாநிலத்துச் சிறிய ஏரி ஒன்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஆற்றல் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு எவ்வாறு செல்கிறது என்று கணக்கிட்டார். அவரது கட்டுரையை அறிஞர்கள் முதலில் ஏற்க மறுத்தனர். பின்னர் 1942இல் அது அச்சேறியபோது அவர் உயிரோடில்லை. இறந்தபோது அவருக்கு வயது 26.

உண்ட உணவின் பெரும்பகுதி நீந்துவதிலும், மூச்சு விடுவதிலும், கழிவாவதிலும் செலவாகி விடுகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த வரிசையின் உடலாகிறது என்பது பொதுக் கணக்கு. இடத்துக்கு இடம் இது கூடலாம், குறையலாம். இக்கணக்கின்படி 1,000 கிலோ பாசி 100 கிலோ நீர்த்தெள்ளுப்பூச்சியாகும். அது 10 கிலோ சிறு மீனாகும். அதுவோ ஒரே ஒரு கிலோ பெரிய மீனாகும். ஒரு சிறு குளத்தில் ஓராயிரம் நீர்த்தெள்ளுப்பூச்சிகள் இருக்க, மீன்கொத்தி ஒன்று மட்டும் எப்போதாவது வந்து போவதன் காரணம் இதுவே.

குளம் வெட்டினால் கொசு பெருகும் என்று அஞ்சுவோர்க்கும் இங்கே விடை உண்டு. டெங்குவைப் பரப்பும் கொசு பெரிதும் நாடுவது வேட்டையாடிகள் இல்லாத சிறு நீரை. பூந்தொட்டியின் தட்டும், பழைய டயரும், மூடாத தொட்டியும் அதற்கு உகந்தவை. தும்பிகளும் சிறு மீன்களும் குடியேறிய குளத்தில் கொசுப்புழு தப்பிப் பிழைப்பது அரிது. இதற்கென 1928இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், கொசுப்புழுவோடு நில்லாமல் தலைப்பிரட்டைகளையும் பிற மீன்களின் குஞ்சுகளையும் உண்கிறது. பழனி மலையின் ஓடைகளில் வேறெங்கும் காண்பதற்கரிய தவளைகள் உண்டு. எனவே, மழையில் நிரம்பி ஓடையில் கலக்கக்கூடிய குளத்தில் அம்மீனை விடாதிருத்தல் நன்று.

ஏறும்போது கூடும் நஞ்சு

உணவு மேலே ஏற ஏறக் குறைகிறது என்றோம். ஆனால் சில நஞ்சுகள் மேலே ஏற ஏறக் கூடுகின்றன. பாதரசம் அத்தகையது. அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதனை மீதைல் பாதரசம் என்னும் கொடிய வடிவாக மாற்றுகின்றன. பாசியின் உடலில் சேர்ந்த சிறிதளவு நஞ்சு, பாசியை நாள்தோறும் உண்ணும் பூச்சியின் உடலில் சேர்கிறது. உணவு செலவாகிறது; நஞ்சோ எளிதில் வெளியேறாமல் தசையில் தங்கிவிடுகிறது. அத்தகைய பூச்சிகளைப் பல நூறாக உண்ணும் மீனில் அது இன்னும் செறிகிறது. மீனைக் கழுவினாலும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. இச்சங்கிலியின் மேல்நுனியில் அமர்ந்திருப்பவன் மனிதன்.

ஜப்பான் நாட்டின் மினமாட்டாவில் தொழிற்சாலை ஒன்று கடலில் விட்ட பாதரசக் கழிவு, மீன் வழியாக மீனவர் குடும்பங்களைத் தாக்கியது. 1956இல் அந்நோய் அதிகாரப்பூர்வமாக அறியப்படுவதற்கு முன்னரே, மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து துள்ளிச் செத்தன. பெரிதாக நோய்க்குறி ஏதுமின்றி இருந்த தாய்மாருக்கும், மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன.

இத்துயரம் நமக்குத் தொலைவானது என்று எண்ணிவிடலாகாது. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய சாமான் கிடங்கொன்றில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்கள் வெளிக்கொணர்ந்தனர். அது அந்நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் கழிவு. அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. பாதரசமோ ஆவியாகிக் காற்றில் பரவி, மழையோடும் தூசியோடும் இறங்க வல்லது. 1863இல் வெர் லெவிஞ்ச் என்பவர் ஓடைகளைத் தேக்கி உருவாக்கிய கொடைக்கானல் ஏரியின் நீரிலும், அடிமண்ணிலும், மீன்களிலும் பாதரசம் இருந்ததை மத்திய அணுசக்தித் துறை விஞ்ஞானிகளின் ஆய்வு 2006இல் வெளியிட்டது. இவ்வேரியின் மிகுநீரே செண்பகனூருக்கு அருகில் வெள்ளி அருவியாய் விழுகிறது.

நம் இல்லத்தில்

பெரும் ஆலையின் பிழையைத் தனிக் குடும்பம் தடுத்துவிட இயலாது. அதற்கு ஊர் கூடிக் குரல் கொடுக்க வேண்டும். மூஞ்சிக்கல்லில் மக்கள் அதைச் செய்தனர். வீட்டளவில் நம்மால் இயன்றதும் உண்டு. குளத்தின் ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும். தவளை ஏறவும் குருவி நீர் அருந்தவும் அது உதவும். பழைய குளமொன்றிலிருந்து ஒரு வாளி நீர் கொண்டுவந்து ஊற்றினால், நீர்த்தெள்ளுப்பூச்சிகள் தாமே குடியேறும். புதுக்குளம் முதல் சில வாரங்கள் பச்சையாகத்தான் இருக்கும். மேய்பவை பெருகினால் தெளியும். மீனுக்கு அளவு மீறித் தீனி இடலாகாது. மிஞ்சியது அழுகிப் பிராண வாயுவைக் குடித்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது அதன் அடையாளம். காய்கறிப் பாத்திக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தும், துணி துவைத்த சோப்பு நீரும் குளத்துக்குள் வடியாதவாறு வரப்பிடுக.

வீட்டில் பழைய பாதரச வெப்பமானி உடைந்தால், அதனைச் சாக்கடையில் கழுவி விடலாகாது. துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. குழந்தைகளை அப்புறப்படுத்திச் சன்னலைத் திறந்து, கனத்த தாளால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, இறுக மூடிய சீசாவில் அடைத்து, அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். சாக்கடை ஓடையைச் சேர்கிறது. ஓடை குளத்தைச் சேர்கிறது. குளத்தில் விழுந்த நஞ்சு, பாசி முதல் மீன் வரை வரிசை வரிசையாக ஏறி, நம் குழந்தையின் தட்டுக்கு வந்து சேரும்.