பிரான்ஸ் கிராமங்களில் வண்டி வராத ரோட்டை மேப்பில் கண்டுபிடிப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

"பிரான்ஸில் சைக்கிள் ஓட்ட அமைதியான ரூட் லிஸ்ட் ஒண்ணு போடுங்க"ன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருக்கீங்க. லிஸ்ட் போடுறது சுலபம். லுவார் ஆற்றோரமா ஏறக்குறைய 900 கி.மீ. போகிற பாதை இருக்கு. வடமேற்கே ரோஸ்கோஃப் துறைமுகத்தில் ஆரம்பிச்சு, அட்லாண்டிக் பக்கமா ஸ்பெயின் எல்லை வரைக்கும் இறங்குகிற பாதை இருக்கு. ரெண்டுமே அருமையான பாதைகள், போர்டைப் பார்த்துக்கிட்டே போயிடலாம். ஆனா ஜூலை மாசம் போனா குழந்தை உட்கார்ந்த டிரெய்லர், நாய், ரோலர் ஸ்கேட் எல்லாம் கூடவே வரும். நீங்க கேட்ட அமைதி அது இல்லைன்னு நினைக்கிறேன்.

நீங்க கேட்டது பேரும் போர்டும் இல்லாத சாதாரண தார் ரோடு. அது பிரான்ஸ் முழுக்க இருக்கு. அதை லிஸ்ட்டில் தேட முடியாது, மேப்பைப் பார்த்து நாமளே கண்டுபிடிக்கணும். இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

இது வெறும் ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பிரான்ஸில் சாலை விபத்தில் இறக்கிறவங்களில் பாதிக்கு மேல் ஊருக்கு வெளியே இருக்கிற சாதாரண ரோடுகளில்தான் இறக்கிறாங்க. நெடுஞ்சாலையிலும் இல்லை, பாரிஸ் டிராஃபிக்கிலும் இல்லை. 2018 ஜூலையில் இந்த ரோடுகளின் வேக வரம்பை 90-லிருந்து 80 ஆக்கினாங்க. பெரிய சண்டையே நடந்தது. அப்புறம் சில மாவட்டங்கள் திரும்ப 90-க்கே போயிடுச்சு. அதாவது, வயல் நடுவில் ஓடுகிற ரோட்டில் உங்க தோளுக்குப் பக்கத்தில் ஒரு கார் 90 கி.மீ. வேகத்தில் சட்டப்படியே போகலாம். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டர் இடைவெளி விடணும்னு சட்டம் சொல்லுது. பெரும்பாலும் விடுறாங்க. எல்லாரும் எப்பவும் விடுவாங்கன்னு நம்பி ரூட் போட முடியாது இல்லையா? ஃபோனில் பார்த்தா பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி ரெண்டு கோடு தெரியும். ஒண்ணில் நிமிஷத்துக்கு ஆறு வண்டி, இன்னொண்ணில் கால் மணி நேரத்துக்கு ஒண்ணு. எது எதுன்னு கோட்டைப் பார்த்தே தெரியணும்.

சரி, எழுத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஏ-ன்னு ஆரம்பிச்சா ஆட்டோரூட். சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. என்-ன்னா தேசிய சாலை. முடிஞ்சவரை தள்ளியே இருங்க. டி-ன்னா டிபார்ட்மென்ட் ரோடு, நம்ம கணக்கில் மாவட்டச் சாலை. இது மட்டும் ஏறக்குறைய 3,80,000 கி.மீ. இருக்கு. அதுக்கும் கீழே கொம்யூன் ரோடு, அதாவது ஊராட்சி ரோடு. அது இதைவிட அதிகம். மொத்தம் பத்து லட்சம் கி.மீ.க்கு மேல் போகுது.

ஏன் இவ்வளவு? பிரான்ஸில் இன்னைக்கும் 35,000 கொம்யூன் வரை இருக்கு. சிலதில் நூறு பேர்கூட இல்லை, ஆனா மேயர் உண்டு. 1836-ல் வந்த சட்டம் ஒண்ணு, கொம்யூன்களை இணைக்கிற ரோடுகளை அந்தந்த கொம்யூனே பராமரிக்கணும்னு கட்டாயமாக்கிச்சு. ஊர்க்காரங்க வருஷத்துக்கு அதிகபட்சம் 3 நாள் உழைப்பு கொடுக்கணும், இல்லைன்னா ஈடா பணம் கட்டணும். அப்படிப் பக்கத்து ஊர்ச் சந்தைக்கும் மாவு மில்லுக்கும் மாட்டு வண்டி போறதுக்குப் போட்ட வலையின் மேல்தான் பிற்பாடு தார் ஊத்தினாங்க. அதனாலதான் ரெண்டு ஊருக்கு நடுவில் ஒரு ரோடு போதும்கிற இடத்தில் மூணு ரோடு இருக்கு. கார்க்காரர் வேகமான ஒண்ணை எடுத்துக்குவார். மிச்சம் ரெண்டும் நமக்கு.

இதுதான் இன்னைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஒரு ரோடு அமைதியா இருக்கிறதுக்குக் காரணம் அந்த ரோட்டில் இருக்காது, பக்கத்தில் போகிற ரோட்டில் இருக்கும். மேப்பில் உங்களுக்குப் பிடிச்ச கோட்டைப் பார்த்ததும், "இந்த வழியா போகாம இருக்க கார்க்காரனுக்கு வேற என்ன வழி இருக்கு?"ன்னு கேளுங்க. பதில் இருந்தா நல்ல ரோடு. பள்ளத்தாக்கில் ஒரே ஒரு ரோடுதான்னா, எவ்வளவு அழகா இருந்தாலும் லாரியும் அதில்தான் வரும்.

நம்பரை வச்சுக் கண்டுபிடிக்கிறது பத்தி ஒரு எச்சரிக்கை. "டி-க்கு அப்புறம் மூணு இலக்கம் வந்தா சின்ன ரோடு"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. பாதி உண்மைதான். 2006-ல் அரசாங்கம் ஏறக்குறைய 18,000 கி.மீ. தேசிய சாலையை மாவட்டங்கள் கையில் கொடுத்துச்சு. மாவட்டங்கள் அதுக்கெல்லாம் புது நம்பர் போட்டாங்க. பாரிஸிலிருந்து தெற்கே இறங்கின பழைய என் 20, லோட் மாவட்டத்தில் இப்ப டி 820. நம்பரைப் பார்த்தா ஏதோ சந்து மாதிரி இருக்கும். போய் நின்னா அகலமான பழைய ஹைவே. 800, 900 வரிசையில் நம்பர் வந்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. மாவட்ட எல்லை தாண்டினா அதே ரோட்டுக்கு நம்பர் மாறிடலாம், அதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

நம்பரைவிட நிறம் நல்ல துப்பு. மிஷ்லின் பேப்பர் மேப் ஒண்ணு வாங்குங்க. சிரிக்காதீங்க, ஃபோனைவிட இந்த ஒரு வேலையை அது நல்லா செய்யும். சிவப்பு பெரிய ரோடு, மஞ்சள் அடுத்தது, வெள்ளை மிச்சம் எல்லாம். வெள்ளைதான் நம்ம ஏரியா. ரோட்டு மேல சின்ன அம்புக்குறி இருந்தா ஏற்றம்: ஒண்ணு 5-லிருந்து 9 சதவீதம், ரெண்டு 9-லிருந்து 13, மூணு அதுக்கும் மேல. மூணு அம்பைப் பார்த்தா நான் வேற வழி தேடுவேன், வெட்கமே இல்லாம. ரோட்டோரமா பச்சைக் கோடு இருந்தா இயற்கைக் காட்சி நல்லா இருக்கும்னு அர்த்தம். ஆனா அதே மேப் பைக் ஓட்டுறவங்க கையிலும் இருக்கு. மஞ்சள் ரோட்டில் பச்சைக் கோடு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்னா, சத்தம் தாங்காது.

இன்னும் உறுதியா தெரியணும்னா, பல மாவட்டங்கள் தங்கள் ரோடுகளில் ஒரு நாளைக்குச் சராசரியா எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணி மேப்பாவே போட்டிருக்காங்க. என் கணக்கு 500. பகல் 14 மணி நேரத்தில் பிரிச்சா, ரெண்டு பக்கமும் சேர்த்து மணிக்கு 35 வண்டி. 1,000 வரை சமாளிக்கலாம். 3,000 தாண்டினா நான் போகமாட்டேன்.

இப்ப இதை ஒரு நிஜ இடத்தில் வச்சுப் பார்க்கலாம். தென்மேற்கில் லோட் மாவட்டம். கிழக்கே ஃபிஜாக், மேற்கே கஓர், ரெண்டும் பழைய ஊர்கள். நடுவில் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அந்த மேட்டு மேல டி 653 போகுது. தெற்கே லோட் ஆற்றோரமா டி 662 போகுது. அவசரமா போறவங்க இந்த ரெண்டில் ஒண்ணை எடுத்துக்குவாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவில் செலேன்னு ஒரு சின்ன ஆறு வளைஞ்சு வளைஞ்சு ஓடுது. அதோட சேர்ந்து வளையுற ரோடு டி 41. வளைவு அதிகம், அதனால காருக்கு நேரம் மிச்சமாகாது. அந்தப் பள்ளத்தாக்கில் வேலை இருக்கிறவங்க மட்டும்தான் வருவாங்க.

ஃபிஜாக்கை விட்டு வெளியே வருகிற முதல் சில கி.மீ. கொஞ்சம் பொறுத்துக்கணும். மேற்கே போய் டி 41-ஐப் பிடிச்சதும் காட்சி மாறும். ஒரு பக்கம் ஆறு, வால்நட் மரங்கள், சின்னச் சின்ன வயல். இன்னொரு பக்கம் சாம்பலும் காவியுமா செங்குத்துப் பாறை. எஸ்பான்யாக், மார்சியாக்னு ஊர்கள் ஒவ்வொண்ணா வரும். மார்சியாக்கில் பாதி இடிஞ்ச பழைய மடாலயம் ஒண்ணு இருக்கு. சோலியாக்கில் பாறையோட ஒட்டிக் கட்டின வீடுகள், எது சுவர் எது மலைன்னு பிரிச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். காப்ரரே ஊருக்கு மேல பெஷ் மெர்ல் குகை. 1922-ல் கண்டுபிடிச்சது. உள்ளே உடம்பெல்லாம் புள்ளி வச்ச ரெண்டு குதிரை ஓவியம், வயசு 25,000 வருஷத்துக்கு மேல. பார்க்கணும்னா முன்பதிவு பண்ணிடுங்க, ஒரு நாளைக்கு உள்ளே விடுகிற ஆட்களுக்கு வரம்பு இருக்கு. குகைக்கு ஏறுகிற அந்தக் கொஞ்ச தூரம் தவிர, மிச்சம் எல்லாம் ஆற்றோட சேர்ந்து இறங்குகிற வழிதான். கோந்துஷேயில் செலே போய் லோட் ஆற்றில் சேர்ந்துடும். மொத்தம் 50 கி.மீ. சுத்தி. பாலம் தாண்டி டி 40-இல் ஏறினா சேன் சிர் லபோபி. அழகான ஊர்தான். ஆனா அங்கே டூரிஸ்ட் பஸ் வரும், அமைதி அதோட முடிஞ்சுது. ஆகஸ்டில் செலேயிலேயே படகு ஓட்டுற கூட்டம் இருக்கும். மே, ஜூன், செப்டம்பர்தான் சரியான நேரம்.

ஒண்ணு சொல்லணும். இந்த அமைதி யாரோ நமக்காக ஏற்பாடு பண்ணினது இல்லை. 1851-ல் லோட் மாவட்டத்தில் ஏறக்குறைய 2,96,000 பேர் இருந்தாங்க. இப்ப 1,75,000 பக்கம். 1870, 80-களில் ஃபில்லாக்செரான்னு ஒரு பூச்சி திராட்சை வேரைத் தின்னு கஓர் பக்கத்துத் தோட்டங்களை அழிச்சுது. ஜனங்க பிழைப்பு தேடி நகரத்துக்குக் கிளம்பினாங்க. அப்புறம் முதல் உலகப் போர். போனவங்களில் நிறைய பேர் திரும்பலை. எந்தச் சின்ன ஊரிலும் கல்லில் பேர் பொறிச்ச நினைவுத்தூண் இருக்கும். வீடுகளை எண்ணிட்டு அந்தப் பேர்களை எண்ணிப் பாருங்க. ரோடு அப்படியே இருக்கு, அதில் போக வேண்டியவங்கதான் இல்லை. நாம "சூப்பர் ரோடு, ஒரு வண்டிகூட இல்லை"ன்னு ஸ்டோரி போடுற இடத்தில், அந்த ஊர்ப் பாட்டிக்கு டாக்டரைப் பார்க்கவே 30 கி.மீ. போகவேண்டியிருக்கலாம்.

இது நம்ம பயணத்திலேயே தெரியும், முக்கியமா வயிற்றில். காலி ஊரில் கடை இருக்காது. இருக்கிற பேக்கரியும் பல ஊரில் திங்கட்கிழமை மூடியிருக்கும், மத்த நாளில் மத்தியானம் ரெண்டு மூணு மணி நேரம் மூடிடுவாங்க. நான் ஒரு திங்கட்கிழமை 40 கி.மீ. ஓட்டிட்டு மூணு ஊரில் மூணு மூடின கதவைப் பார்த்தேன். நாலாவது ஊரில் பேக்கரியே இல்லை. சுவரோரமா ஒரு மெஷின், காசு போட்டா பகெட் ரொட்டி வரும். ரொம்ப நல்ல ரொட்டின்னு சொல்லமுடியாது, ஆனா அன்னைக்கு அது விருந்து. தண்ணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. பூச்செடிக்கு ஊத்த பெரும்பாலும் குழாய் வச்சிருப்பாங்க, அங்கத்து சைக்கிள்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். "நான் பொத்தாப்ல்"னு எழுதியிருந்தா மட்டும் குடிக்காதீங்க.

கடைசியா, தனியா போகலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். போகலாம். ஆனா சில பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, அதனால மேப்பை டவுன்லோட் பண்ணிக்கிட்டு, ராத்திரி தங்குற இடத்தில் எந்த வழியா வர்றீங்கன்னு சொல்லிடுங்க. அவசர நம்பர் 112. பனிமூட்டத்திலோ இருட்டின பிறகோ ஊருக்கு வெளியே ஓட்டினா ஒளிரும் ஜாக்கெட் கட்டாயம். ஊருக்குள்ளே போர்டு எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வர்றவருக்குத்தான் முதல் உரிமை. அந்தச் சின்ன சந்திலிருந்து டிராக்டரில் வர்ற தாத்தா உங்களைப் பார்த்து நிறுத்தமாட்டார். கோடையில் "கிராவியோ"ன்னு போர்டு பார்த்தா வேகத்தைக் குறைங்க: புதுசா தார் மேல கொட்டின ஜல்லி, மெல்லிய டயர் வழுக்கிடும். எனக்கு முழங்கால் தேய்ஞ்ச இடமும் அதுதான்.