கைபேசியில் முகங்கள் அகன்று தெரிகின்றனவா? வீடியோ விகிதத்தைச் சரிசெய்வது எப்படி?

பழைய கேசட்டிலிருந்து மாற்றப்பட்ட திருமண வீடியோவைக் கைபேசியில் திறந்தால், மணமக்களின் முகங்கள் பக்கவாட்டில் அகன்று தெரிகின்றன. அல்லது பின்வரிசையில் நிற்போரின் தலைகள் மறைந்துவிடுகின்றன. இதற்குக் கைபேசியின் பழுது காரணமன்று. வீடியோவின் அகல-உயர விகிதமும் திரையின் விகிதமும் ஒன்றோடொன்று பொருந்தாததே காரணம்.

விகிதம் மாறுவது ஏன்?

தூர்தர்ஷனில் 1987-ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'ராமாயணம்' உள்ளிட்ட அக்காலத் தொடர்கள் 4:3 விகிதத்தில் அமைந்தவை. இன்றைய தொலைக்காட்சித் திரைகள் 16:9 விகிதத்திலும், பல ஸ்மார்ட்போன் திரைகள் 20:9 விகிதத்திலும் உள்ளன.

கிடைமட்டமாகப் பிடித்த 20:9 திரையில், 4:3 வீடியோ 60 சதவீத இடத்தையே நிரப்பும். எஞ்சிய பகுதி இருபுறமும் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். இது குறைபாடு அன்று. பட்டைகளை மறைக்கக் காட்சியைப் பக்கவாட்டில் இழுத்தால், முகத்தின் அகலம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். பெரிதாக்கினால், மேலும் கீழுமாக 40 சதவீதக் காட்சி மறைந்துவிடும்.

சரிசெய்யும் முறை

* விஎல்சி போன்ற பிளேயர் செயலியில் வீடியோவை இயக்கித் திரையைத் தொட்டு, விகிதத்தை மாற்றும் பொத்தானை அழுத்த வேண்டும்.
* அதில் 'பெஸ்ட் ஃபிட்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். 'ஃபில்' என்பது காட்சியை இழுத்துத் திரையை நிரப்பும்.
* அதன் பின்னரும் உருவங்கள் அகன்றிருந்தால், கோப்பிலேயே விகிதம் தவறாகப் பதிவாகியிருக்கலாம். அப்போது 4:3 விகிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒடுங்கித் தெரிந்தால் 16:9 பொருந்தக்கூடும்.
* யூடியூப் செயலியில் காட்சி வெட்டுப்பட்டிருந்தால், திரையில் இரு விரல்களைக் குவித்தால் முழுக் காட்சியும் தெரியும்.

விகிதம் சரியாக உள்ளதா என்பதை அறிய, காட்சியில் உள்ள தட்டு, சக்கரம், சுவர்க் கடிகாரம் ஆகியவற்றைக் கவனிக்கலாம். நேர் எதிரே உள்ள வட்டம் வட்டமாகவே தெரிந்தால் விகிதம் சரியானது.

கவனிக்க வேண்டியது

பிளேயரில் செய்யும் மாற்றம் பார்ப்பதற்கு மட்டுமே, கோப்பு மாறாது. உறவினர்களுக்கு அனுப்புவதற்காக நிரந்தரமாக மாற்ற விரும்புவோர், எடிட்டிங் செயலியில் புதிய பிரதியாகச் சேமிப்பதே பாதுகாப்பானது. வெட்டிச் சேமித்த பகுதியை அப்பிரதியிலிருந்து மீட்க இயலாது என்பதால், மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது.