வெண்திரையில் கல்வாரி

சமயம் தாய்மொழியைப் போன்றது. பிறர் மொழியை நாம் முயன்று கற்கலாம். அதிலுள்ள காவியங்களைச் சுவைக்கலாம். அம்மொழியிலே பரீட்சை எழுதிச் சித்தியும் எய்தலாம். ஆயினும், அம்மொழியிலே ஒரு தாய் தாலாட்டும்போது அவள் மடியிற் கிடக்கும் குழந்தை அடையும் இன்பத்தை நாம் அடைதல் அரிது. சைவக் குடும்பமொன்றிற் பிறந்து, திருநீறும் தேவாரமுமாய் வளர்ந்த எனக்கு இவ்வுண்மையை உணர்த்தியது ஒரு நூலன்று, ஒரு படக்காட்சி.

2005ஆம் ஆண்டின் தபசு காலம் அது. கடற்கோள் நிகழ்ந்து மூன்று மாதங்கள் நிறைவுறவில்லை. பல்கலைக்கழக மாணவனாயிருந்த யான், தொண்டு செய்யும் நோக்குடன் நண்பர் சிலருடன் வடமராட்சி கிழக்கிலே கத்தோலிக்க மீனவர் வாழும் ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். ஒரு மாலை, இடிந்த கோவிலின் எஞ்சிய சுவரிலே வெள்ளை வேட்டியொன்றைக் கட்டி, இறுவட்டிலிருந்து ஒரு படத்தைக் காட்டினர். மெல் கிப்சன் என்பார் 2004ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘த பாஷன் ஒவ் த கிறைஸ்ட்’ என்னும் படம் அது. யேசுபிரானின் இறுதிப் பன்னிரண்டு மணி நேரத்தை மாத்திரமே பொருளாகக் கொண்டது. பாத்திரங்கள் பேசுவது அரமேய மொழியும் இலத்தீனும். அவ்வூரில் அம்மொழிகளை அறிந்தவர் எவருமிலர். திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளைப் படித்தவரும் மிகச் சிலரே. எனினும் மணலில் அமர்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கதை அவர்கள் நெஞ்சில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

சிலுவையைச் சுமந்து வரும் மகன் கல் வீதியில் இடறி வீழ்கின்றான். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் மரியாளுக்குப் பழைய நினைவொன்று எழுகின்றது. சிறு பிள்ளையாய் ஓடி விளையாடிய மகன் அன்றும் இவ்வாறே வீழ்ந்தான். அன்று அவள் ஓடிச் சென்று வாரி எடுத்தாள். இன்றும் ஓடுகின்றாள். அந்த இடத்திலே, எனக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு தாய், “என்ரை ராசா!” என்று ஓலமிட்டாள். அவளுடைய ஏழு வயது மகனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அன்று தொட்டு அவள் அழவேயில்லை என்று ஊரார் கவலையுற்றிருந்தனர். அவள் அழத் தொடங்கியதும் அந்த வெளி முழுவதும் அழுதது. திரையிலே ஓடிய படத்தை அதன்பின் எவரும் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

படம் முடிந்த பின்னர், அருகில் நின்ற முதிய உபதேசியாரிடம், “இந்தத் துன்பத்தின் நடுவே இப்படியொரு படத்தைக் காட்டலாமா, ஐயா?” என்று வினவினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், “தம்பி, இவ்வளவு நாளும் அவள் தனிச்சு நிண்டவள். இண்டைக்குத்தான் மாதா அவளுக்குப் பக்கத்திலை வந்து நிண்டவா” என்றார். அந்த விடையை இருபது ஆண்டுகளாகச் சிந்தித்து வருகின்றேன். அச்சிந்தனையின் பயனே இக்கட்டுரை.

படமும் பக்தியும்

திரைப்படக் கலை பிறந்தபோதே கிறிஸ்து சரிதம் அதனோடு சேர்ந்துகொண்டது. லூமியர் சகோதரர் பாரிஸ் நகரிலே கட்டணம் பெற்றுப் படம் காட்டியது 1895ஆம் ஆண்டின் இறுதியிலாகும். இரண்டாண்டுகள் கழிந்து, 1898ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, யேசுவின் பாடுகளைக் காட்டும் படமொன்று நியூயோர்க் நகரில் திரையிடப்பட்டது. ஜேர்மனியிலுள்ள ஒபரம்மர்கௌ கிராமத்து மக்கள் 1634ஆம் ஆண்டு முதல் நடித்துவரும் புகழ்பெற்ற நாடகமே அது என விளம்பரம் செய்யப்பட்டது. உண்மையிலே அப்படம் நியூயோர்க்கிலுள்ள கட்டடமொன்றின் மொட்டை மாடியிலே எடுக்கப்பட்டது! செய்தித்தாள்கள் இதனை வெளிப்படுத்திய பின்னரும் மக்கள் வந்த வண்ணமே இருந்தனர். நடித்தவர் யார், நடித்த இடம் யாது என்னும் ஆராய்ச்சி பக்தனுக்கு வேண்டியதொன்றன்று போலும்.

தமிழ் நாட்டிற் சினிமா பரவிய வரலாற்றிலும் இக்கதைக்குப் பங்குண்டு. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டிலே டூபோன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை வாங்கி, கூடாரமடித்து ஊரூராகப் படம் காட்டினார். அவர் கொண்டு சென்ற சுருள்களுள் யேசுவின் வாழ்க்கையும் ஒன்று. 1910ஆம் ஆண்டளவிலே பம்பாயிற் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைக் கண்ட பால்கே என்னும் மராட்டிய அந்தணர், கண்முன்னே கிறிஸ்து நடக்க, உள்ளத்திலே கண்ணனும் இராமனும் நடப்பதைக் கண்டார். மனைவியையும் அழைத்துச் சென்று மீண்டும் பார்த்தார். அந்தக் கனவு 1913ஆம் ஆண்டிலே ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்னும் படமாக உருவெடுத்தது. ஒரு சமயத்தவரின் பக்தி, மற்றொரு சமயத்தவரின் பக்திக்கு விளக்கேற்றிய வரலாறு இது.

விதைக்கு முன் உழுத நிலம்

கிறிஸ்தவ மக்களின் கண்ணீரைத் திரைப்படமே தோற்றுவித்தது என்று கருதுவது தவறாகும். நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். கோவாவிலிருந்து 1705ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் தமிழிலே ‘வியாகுலப் பிரசங்கம்’ இயற்றினார். தபசு காலத்திலே ஆலயங்களில் அதனை இராகத்துடன் வாசிக்கக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாக மக்கள் அழுதனர். மன்னாரைச் சேர்ந்த பேசாலையிலே ‘உடக்கு’ எனப்படும் உருவங்களைக் கொண்டு பாடுகளின் காட்சி நடாத்தினர். நீர்கொழும்பையடுத்த தூவையிலே சிங்களக் கத்தோலிக்கர் நடாத்தும் திருப்பாடுகளின் நாடகமும் புகழ் வாய்ந்தது. யாழ்ப்பாணத்திலே மரியசேவியர் அடிகளார் 1965ஆம் ஆண்டில் நிறுவிய திருமறைக் கலாமன்றம், பெருந்திரளான நடிகர்களுடன் அக்காட்சிகளை மேடையேற்றியபோது, சைவரும் திரண்டு சென்று கண்டனர். ‘ஞானசவுந்தரி’ கதையோ நாட்டுக்கூத்தாகவும் வாழ்ந்தது. 1948ஆம் ஆண்டிலே தமிழ்ப் படமாகவும் வந்து எல்லாச் சமயத்தாரையும் கவர்ந்தது.

ஆகவே, திரைப்படம் புதிதாக எதனையும் உழவில்லை. உழுது பண்படுத்தப்பட்ட நிலத்திலே அது மழையாகப் பெய்தது.

நான்கு நிலைக்களன்கள்

தமிழாசிரியனாகிய எனக்கு இவ்விடத்திலே தொல்காப்பியம் நினைவுக்கு வருகின்றது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகை, இழிவு, இழத்தல், நிலைதளர்தல், வறுமை என்னும் நான்கு காரணங்களாற் பிறக்கும் என ஆசிரியர் வகுத்தார். ஒரு கதையில் இவற்றுள் ஒன்று அமைந்தாலே போதும். கேட்போர் கண் கலங்கும். கல்வாரிக் கதையிலோ நான்கும் ஒருங்கே அமைந்துள்ளன. முள்முடி சூட்டி எள்ளுவது இழிவு. தாய் மகனைப் பறிகொடுப்பது இழத்தல். ஓசன்னா பாடி வரவேற்கப்பட்டவர் ஒரு வாரத்துள்ளே குற்றவாளியாக நிற்பது நிலைதளர்தல். உடுத்த அங்கியையும் பறிகொடுத்து, இரவற் கல்லறையில் அடக்கம் பெறுவது வறுமை. இக்கதை இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்களை அழவைப்பதிலே வியப்பொன்றுமில்லை.

ஆனால், மெய்ப்பாட்டியல் இதனை முற்றாக விளக்கிவிடாது. கோவலன் வெட்டுண்டபோது நாம் அழுகின்றோம்; அவனைக் கொன்றவர் நாமே என்று எண்ணி அழுவதில்லை. கிறிஸ்தவரின் கண்ணீரிலே இந்த இரண்டாவது எண்ணமும் கலந்திருக்கின்றது. ‘இவர் பட்ட பாடு என் பாவத்தின் பொருட்டு’ என்பது அவர்தம் விசுவாசம். கிப்சனின் படத்திலே யேசுவின் கரத்தில் ஆணியை வைத்துப் பிடிக்கும் கை, கிப்சனின் சொந்தக் கையே. நடிகன் ஒருவனின் கையைக் காட்டியிருக்கலாம். தம் கையையே அவர் காட்டினார். கிறிஸ்தவப் பார்வையாளன் திரையிலே காணும் கை எவருடையது என்பதை அச்செயல் சொல்லாமற் சொல்கின்றது.

நம்மவர் சமயப் படம் பார்க்கும் முறை வேறு. 1975ஆம் ஆண்டிலே ‘ஜெய் சந்தோஷி மா’ வட இந்தியாவில் ஓடியபோது, மக்கள் பாதணிகளைக் கழற்றிவைத்து அரங்கினுட் சென்றனர். திரையை நோக்கி மலர் தூவினர். திரையை நாம் சந்நிதியாகக் கருதித் தரிசிக்கின்றோம். கிறிஸ்தவரோ திரையைக் கண்ணாடியாகக் கருதித் தம்மைக் காண்கின்றனர். இரண்டும் பக்தியே, பாதைகள் வேறு.

முகத்தைக் காட்டலாமா?

தெய்வத் திருமுகத்தை ஒரு நடிகன் அணியலாமா என்னும் கேள்வி கிறிஸ்தவ உலகைப் பலகாலம் வாட்டியது. பிரித்தானியத் திரைப்படத் தணிக்கைச் சபை தன் தொடக்க காலத்தில் விதித்த இரண்டே விதிகளுள் ஒன்று, கிறிஸ்துவின் உருவத்தைக் காட்டலாகாது என்பதாம். 1959ஆம் ஆண்டிலே வந்து பதினொரு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்ற ‘பென்ஹர்’ படத்திலும் அவருடைய முகம் காட்டப்படவில்லை. தாகத்தால் வீழ்ந்தவனுக்கு நீர் கொடுக்கும் கை தெரிகின்றது. தடுக்க வந்த படைவீரன் அம்முகத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பது தெரிகின்றது. அவ்வளவே. காணாத முகத்தை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்திலே வரைந்துகொண்டனர்.

இத்தாலியரான பசோலினியோ நாத்திகர், பொதுவுடைமைக் கொள்கையர். அவர் 1964ஆம் ஆண்டிலே மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியபோது தொழில்முறை நடிகரை நாடவில்லை. எளிய மக்களையே நடிக்க வைத்தார்; முதுமையடைந்த மரியாளாகத் தம் சொந்தத் தாயையே நிறுத்தினார். கடவுளை நம்பாத ஒருவர் எடுத்த அப்படத்தை, கிறிஸ்துவைப் பற்றிய சிறந்த படமென வத்திக்கானின் செய்தித்தாளே 2014ஆம் ஆண்டிலே பாராட்டியது.

எளிமைக்குள்ள ஆற்றலுக்கு இன்னுமொரு சான்றுண்டு. லூக்கா நற்செய்தியைத் தழுவி 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜீசஸ்’ என்னும் படம், தமிழ் உட்பட 2000க்கும் மேற்பட்ட மொழிகளிற் குரல் கொடுக்கப்பட்டுள்ளது. பெரும் நடிகர் அதிலில்லை. ஆனால், மலைவாழ் மகனொருவன் தன் வீட்டு மொழியிலே யேசு பேசுவதைக் கேட்கின்றான். தாலாட்டைப் பற்றி மேலே கூறியதை வாசகர் ஈண்டு நினைவுகூர்க.

கண்ணீரின் மறுபக்கம்

உணர்ச்சி நெருப்பைப் போன்றது. அடுப்பிலும் எரியும், கூரையிலும் எரியும். பாடுகளின் நாடகங்களைக் கண்டு திரும்பியோர் யூதரைத் தாக்கிய கொடுமை பழைய ஐரோப்பாவிலே நிகழ்ந்ததுண்டு. ஒபரம்மர்கௌ நாடகத்தை 1934ஆம் ஆண்டிற் சென்று பார்த்தவர்களுள் ஹிட்லரும் ஒருவன். யூதர் மீது தான் கொண்ட பகைக்கு அதனை ஆதாரமாக்கிப் பின்னர் அவன் புகழ்ந்து பேசினான். யேசுவின் மரணப் பழியை யூத இனத்தின்மீது சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்தது. கிப்சனின் படம் வந்தபோதும் யூத மக்கள் அஞ்சினர், அவ்வச்சம் காரணமற்றதன்று. 1988ஆம் ஆண்டிலே, யேசுவின் மனப்போராட்டத்தைக் கற்பனையாகச் சித்திரித்த வேறொரு படத்தை எதிர்த்தோர் பாரிஸ் நகரிலே அரங்கொன்றுக்குத் தீ வைத்தனர், பலர் காயமுற்றனர். பகைவரையும் மன்னித்தவரின் பெயராலே தீ வைப்பது எத்துணை முரண்!

‘இது நான் செய்த பிழை’ என்று அழுபவன் பிறரைத் தாக்கமாட்டான். ‘இது அவன் செய்த பிழை’ என்று அழுபவனே கல்லைத் தேடுகின்றான். சமயப் படத்தின் பயனை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இது கிறிஸ்தவருக்கு மாத்திரமன்று, நமக்கும் பொருந்தும்.

மாணவருக்கு ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே ஒரு மாணவன், “அது சிவப்புச் சாயந்தானே, சேர், அதற்கு ஏன் அழுகின்றார்கள்?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. மூலையில் அமர்ந்திருந்த கிறிஸ்தவ மாணவன் மாத்திரம் தலை குனிந்தான். 1942ஆம் ஆண்டிலே வந்த ‘நந்தனார்’ படத்தைத் தம் இளமையிற் கண்ட என் பாட்டியார், தண்டபாணி தேசிகர் பாடிய இடங்களைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையாற் கண் துடைப்பார் என்பதை அவ்வகுப்பிலே எடுத்துரைத்தேன். அவர் கண்டதும் வேடமிட்ட ஒரு பாடகரையே. ஆயினும், கோயில் வாயிலிலே நிறுத்தப்பட்ட ஓர் அடியானை அவர் கண்டார். கேள்வி கேட்ட மாணவன் அதன்பின் நகைக்கவில்லை.

அந்தக் கடலோரத் தாயை மறுநாட் காலையிலும் கண்டேன். பொதுச் சமையற் கொட்டிலுக்கு அவள் தானாகவே வந்தாள். எவருடனும் பேசவில்லை. அகப்பையை எடுத்து, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தாள். ஒரு சிறுவனின் கிண்ணத்திலே வார்க்கும்போது கை சற்று நடுங்கிற்று, பின் அமைதியுற்றது. அது படத்தின் பயனோ, காலத்தின் பயனோ, உபதேசியார் சொன்னவாறு மாதாவின் துணையோ, யான் அறியேன். அக்கண்ணீரைப் பொய்யென்று சொல்லும் துணிவு அன்று தொட்டு எனக்கில்லை.