திருவிழா இரவும் நாகசுர ஒலியும்

மார்கழித் திருவாதிரைக்கு முந்தின இரவு. இராமநாதபுரத்திற்குத் தென்மேற்கே உள்ள உத்தரகோசமங்கையில் மரகத நடராசரின் சந்தனக் காப்பு களையப்படும் நாள். ஆண்டில் ஒரு முறையே கிட்டும் காட்சி என்பதால் கூட்டம் கூட்டமாக மக்கள் போகிறார்கள். நீங்களும் வண்டியை விட்டிறங்கி, வயல் வரப்பு வழியாக நடந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோபுர விளக்கு தொலைவில் ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது. ஆனால் நாகசுரம் காதருகே வாசிப்பதுபோல் வந்து விழுகிறது. இதே இடத்தில் நண்பகலில் நின்றிருந்தால் தவிலின் ஓசைகூடக் கேட்டிருக்காது.

வாசிப்பவர் மாறவில்லை, கருவி மாறவில்லை. பின் எது மாறியது?

இசை வளம் மிக்க சீமை இது. ‘பூச்சி’ சீனிவாச ஐயங்கார் (1860–1919), மிருதங்க வித்துவான் சி. எஸ். முருகபூபதி, பாடகர் இராம்நாட் கிருஷ்ணன் (1918–1973) ஆகியோரின் பெயரோடு இராமநாதபுரத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே திருவிழாதோறும் இரவு முழுவதும் கண் விழித்து, மேளக்காரர்களுக்குப் பின்னாலேயே வீதி சுற்றும் இரசிகர்கள் உண்டு. இன்ன இராகம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீண்டது என்று குறிப்பேட்டில் எழுதுகிறவர்களும் உண்டு. நீங்களும் அத்தகையவரானால் அந்தக் குறிப்பேட்டில் இன்னும் சில செய்திகளையும் எழுதலாம். அவை ஒலியியல் பற்றியவை.

சீவாளி செய்யும் வேலை

முதலில் கருவியைப் பார்ப்போம். நாகசுரத்தின் உயிர் அதன் சீவாளியில் இருக்கிறது. கொருக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யப்படும் இதற்குத் திருவாவடுதுறை பெயர் பெற்றது. ஆச்சா மரத்தைக் கடைந்து குழலைச் செய்வதில் நரசிங்கம்பேட்டை பெயர் பெற்றது. அவ்வூர் நாகசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வித்துவான் ஊதும்போது சீவாளியின் இரண்டு மெல்லிய இதழ்களும் ஒரு வினாடியில் பல நூறு தடவை மூடித் திறக்கின்றன. காற்று சீராகப் போகாமல் சிறு சிறு வெடிப்புகளாகக் குழலுக்குள் போகிறது. இத்தகைய ஒலியில் அடிப்படைச் சுரம் மட்டும் இருப்பதில்லை. அடிப்படைச் சுரத்தின் அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ் என்றால் 600, 900, 1,200 என்று மேற்சுரங்களும் வரிசையாக உடன் பிறக்கின்றன. குழலின் உட்புறம் சீவாளிப் பக்கம் குறுகி, அணைசுப் பக்கம் விரிந்த கூம்பாக இருக்கிறது. கூம்புக் குழல் இந்த மேற்சுரங்கள் எல்லாவற்றிற்கும் இடம் கொடுக்கிறது. புல்லாங்குழலில் மேற்சுரங்கள் குறைவு. ஆகவே அதன் ஒலி மென்மையாக இருக்கிறது.

இனி நம் காதைப் பார்ப்போம். செவிக் குழாயின் நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. ஒரு முனை திறந்தது. மறுமுனை செவிப்பறையால் மூடியது. இத்தகைய குழாய், தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலிக்கு ஒத்ததிர்வு காட்டும். அதாவது 10 செ.மீ. அலைநீளம். ஒலியின் வேகத்தை இதனால் வகுத்தால் அதிர்வெண் சுமார் 3,500 ஹெர்ட்ஸ் என்று கிடைக்கும். அந்தப் பகுதியில் நம் காது மிகவும் கூர்மையானது. நாகசுரத்தின் மேற்சுரங்கள் இப்பகுதி வரை எட்டுகின்றன. ஊர்க் கூச்சலுக்கு நடுவிலும் நாகசுரம் தனித்துக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

மாட்டு வண்டி திரும்புவது போல

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இரவில் ஏன் தூரம் கேட்கிறது?

ஊர் அடங்கியதால் என்று சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறு பாதி காற்றின் வெப்பநிலையில் இருக்கிறது.

ஒலியின் வேகம் 0 டிகிரி செல்சியசில் வினாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அது ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. பகலில் வெயில் மண்ணைச் சுடுகிறது. மண் தன்னை ஒட்டிய காற்றைச் சுடுகிறது. எனவே தரையருகே சூடு அதிகம். மேலே போகப்போகக் குறைவு. இரவில், வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருந்தால், மண் விரைவில் குளிர்கிறது. தரையருகே குளிர்காற்றும், அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் நிற்கின்றன. இதை வெப்பநிலைத் தலைகீழ் அமைப்பு என்பர்.

இரட்டை மாட்டு வண்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வலது மாடு வேகமாகவும் இடது மாடு மெதுவாகவும் நடந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? இடப் பக்கம், அதாவது மெதுவாகப் போகும் மாட்டின் பக்கம். ஒலி அலையும் அப்படித்தான். இரவில் அலையின் மேற்பகுதி வெப்பக் காற்றில் வேகமாகவும், கீழ்ப்பகுதி குளிர்காற்றில் மெதுவாகவும் செல்கிறது. ஆகவே அலை தரையை நோக்கி வளைகிறது. வானத்திற்குப் போயிருக்க வேண்டிய ஒலி வளைந்து உங்கள் காதுக்கே வந்து சேர்கிறது. பகலில் இதற்கு நேர்மாறு. ஒலி மேல் நோக்கி வளைந்து உங்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது. நீங்கள் நிற்பது ஒலி நிழலில். வெப்பநிலையால் ஒலி இவ்வாறு விலகுவதை ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி 1870-களில் விளக்கினார்.

காற்று வீசும் திசையும் இதேபோல் வேலை செய்கிறது. தரையருகே மரம், வீடு, மணல் மேடு ஆகியவை தடுப்பதால் காற்றின் வேகம் குறைவு. உயரப் போகப்போக அதிகம். ஆகையால் காற்றோடு போகும் ஒலி தரைப் பக்கம் வளைகிறது. காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேலே எழும்பிவிடுகிறது. இதை ஸ்டோக்ஸ் 1857-இல் எடுத்துக் காட்டினார். இராமேசுவரத்தில் ஆடித் திருக்கல்யாண விழா நடக்கும் நாட்கள், கச்சானும் சோழகமும் கலந்த தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்கள். ஆகவே கோயிலுக்கு வடகிழக்கே, பெண் கடல் எனப்படும் அமைதியான கடற்புறத்தில் நிற்பவருக்கு மேளம் நன்கு கேட்கும். அதே தூரத்தில் தென்மேற்கே நிற்பவருக்குக் காற்றின் இரைச்சலும் ஆண் கடலின் அலையோசையுமே மிஞ்சும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தூரத்து நாகசுரம் கிட்டத்து நாகசுரத்தைவிட இனிமையாக இருப்பதாகப் பலர் சொல்வர். உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று அதிகமாக விழுங்கிவிடுகிறது. காரம் குறைந்து குழைவு மிஞ்சுகிறது.

ஆயிரங்கால் வழியே

இனி கோயிலுக்குள் போவோம். இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள் உள்ளன. உயரம் ஏறத்தாழ 6.9 மீட்டர். வடக்கு, தெற்குப் பக்கங்கள் ஒவ்வொன்றும் சுமார் 195 மீட்டர் நீளம். ஒரு கோடியில் எழுந்த ஒலி மறு கோடிக்குப் போய்ச் சேர அரை வினாடிக்கு மேல் ஆகும். திரும்பி வர 1.1 வினாடி ஆகும்.

அப்படியானால் தெளிவான எதிரொலி கேட்க வேண்டுமே! பெரும்பாலும் கேட்பதில்லை. வழியெல்லாம் தூண்கள் நின்று ஒலியைத் துண்டு துண்டாகச் சிதறடிக்கின்றன. ஓர் எதிரொலிக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான சிற்றெதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு முழக்கமாகத் தொடர்கின்றன. கருங்கல் ஒலியை மிகச் சிறிதளவே உறிஞ்சும் என்பதால் அம்முழக்கம் எளிதில் அடங்காது. இத்தகைய இடத்தில் நீண்டு நிற்கும் நாகசுரச் சுரம் செழித்து நிறைகிறது. ஆனால் தவிலில் வினாடிக்குப் பத்து அடி விழுந்தால், ஓர் அடியின் முழக்கம் அடங்குமுன் அடுத்த அடி வந்துவிடுகிறது, சொற்கட்டு மங்குகிறது. ஆகவே தனியாவர்த்தனத்தை வெளி வீதியில் கேளுங்கள். ஆலாபனையைப் பிரகாரத்தில் கேளுங்கள்.

வீதி நெடுகக் கம்பத்திற்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டினால் பாட்டு குழறுவதற்கும் காரணம் இதுதான். 60 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஒலிபெருக்கிகளில், ஒன்றின் அருகில் நிற்பவருக்கு மற்றதன் ஒலி 0.17 வினாடி தாமதித்து வருகிறது. பெரிய இசை விழாக்களில் பின்வரிசை ஒலிபெருக்கிகளுக்கு மின்னணுக் கருவியால் அதே அளவு தாமதம் கொடுத்து இக்குறையைத் தவிர்க்கிறார்கள்.

ஒத்து ஊதுவது ஏன்?

குளிர்ந்த விடியலில் ஒலியின் வேகம் குறைவதால் குழலின் சுருதியும் சற்று இறங்கும். 20 டிகிரியில் வேகம் 343 மீட்டர். 32 டிகிரியில் 350 மீட்டர். இந்த 2 விழுக்காடு வேறுபாடு, ஓர் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம். பழகிய காது இதைக் கண்டுபிடித்துவிடும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு குழலைச் சுட வைப்பதால் வேறுபாடு முழுவதும் வெளியே தெரியாது. மீதியை உதட்டாலும் மூச்சாலும் சரிசெய்துகொள்வார்.

முன்பெல்லாம் சுருதிக்கு ‘ஒத்து’ என்ற குழலை ஒருவர் ஊதுவார். அதுவும் மரக் குழல், அதற்கும் சீவாளி, அதையும் ஊதுவது மனித மூச்சு. ஆகவே குளிரிலும் சூட்டிலும் நாகசுரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. இன்று பல இடங்களில் ஒத்தின் இடத்தை மின்னணுச் சுருதிப் பெட்டி பிடித்துவிட்டது. பெட்டி குளிருக்கு அசையாது. குழல்தான் அதற்கு இணங்கிப் போக வேண்டும். பிறர் சொல்வதற்கெல்லாம் ஒத்து ஊதுகிறவரை நாம் கேலி செய்கிறோம். மேளத்தில் அவர் செய்தது அருமையான வேலை.

நீங்களே செய்து பாருங்கள்

நேரான வெளி வீதியில் ஒலிபெருக்கி இல்லாமல் மேளம் நடக்கும் இரவு இதற்கு ஏற்றது. தாளக்காரர் வினாடிக்கு இரண்டு முறை தாளம் தட்டும் நேரமாகப் பாருங்கள். கண்ணால் தாளத்தைப் பார்த்தபடி மெல்லப் பின்னால் நடங்கள். தட்டும் காட்சியும் ஓசையும் முதலில் விலகும். பிறகு ஓரிடத்தில் மீண்டும் ஒன்றுசேரும். அங்கே நீங்கள் பார்ப்பது இந்தத் தட்டு. கேட்பது முந்தின தட்டு! அந்த இடம் வரை உள்ள தூரத்தை அடியால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். 30 டிகிரி இரவில் தூரம் 175 மீட்டரை ஒட்டியும், விடை 350 மீட்டரை ஒட்டியும் வரும். அதுவே ஒரு வினாடியில் ஒலி செல்லும் தூரம்.

காதுக்கும் ஒரு கணக்கு

இறுதியாக, இரசிகர்கள் கேட்க விரும்பாத ஒரு செய்தி. விடிய விடியத் தவிலுக்கு அருகில் நின்றுவிட்டு வீடு திரும்புகிறீர்கள். காதுக்குள் ‘ஙொய்’ என்ற இரைச்சல். எதிரில் இருப்பவர் பேசுவது பஞ்சு வைத்ததுபோல் கேட்கிறது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. அதனால் நாம் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

உட்செவியின் நத்தைக் கூட்டில் ஏறத்தாழ 15,000 முடிச் செல்கள் உள்ளன. கேள்விக்கு ஆதாரம் அவையே. அளவு மீறிய ஒலியால் அவை களைத்துப் போகின்றன. பலமுறை களைத்தால் மடிகின்றன. மடிந்தவை மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. முதலில் பழுதுபடுவது பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. செவிக் குழாய் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் இடமும் அதை ஒட்டியதே. அதாவது, நாகசுரத்தின் ஒளி எந்த மேற்சுரங்களில் இருக்கிறதோ அவைதாம் இரசிகனை விட்டு முதலில் போகின்றன. நாள்தோறும் வாசிக்கும் கலைஞர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். மேளத்திலிருந்து 3 மீட்டரில் 100 டெசிபெல் இருப்பதாகக் கொள்வோம். அங்கே நிற்கக்கூடிய நேரம் 15 நிமிடமே. 6 மீட்டரில் 94 டெசிபெல். ஒரு மணி நேரம் நிற்கலாம். 12 மீட்டரில் 88 டெசிபெல். நான்கு மணி நேரம் நிற்கலாம். பத்தடி தூரத்திலிருந்து நாற்பதடி தூரத்திற்கு நகர்ந்தால் பதினாறு மடங்கு நேரம் கிடைக்கிறது! உலக சுகாதார நிறுவனமும் இசை அரங்குகளுக்கு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று 2022-இல் வரம்பு வகுத்தது.

அளவுகோல் கையில் இல்லையா? கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம். நாற்பதடி தள்ளி உட்காருங்கள். குழந்தைகளை ஒலிபெருக்கியின் முன்னால் தோளில் தூக்கி வைக்காதீர்கள். கிட்டத்தில்தான் நிற்பேன் என்றால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், பஞ்சு போதாது. மணிக்கொரு முறை எழுந்து போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்த திருவிழா இரவில் குறிப்பேட்டை எடுக்கும்போது இராகத்தின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று செய்திகளை எழுதிவையுங்கள்: காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, பனி இருந்ததா, மேளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள். பத்து இரவுகள் எழுதினால் உங்கள் ஊரின் ஒலிப் படம் ஒன்று உருவாகிவிடும். அறுபதாவது வயதிலும் அந்த வயல் வரப்பில் நின்று தூரத்து நாகசுரத்தைக் கேட்க வேண்டுமானால், மூன்றாவது குறிப்பில் சற்றுக் கூடுதல் கவனம் இருக்கட்டும்.