இருதயத் தளர்ச்சியும் காத்திருக்கும் காலமும்

கடையநல்லூர் வட்டாரத்தில் தறியையும் வயலையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்களின் குடும்பங்களில், நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, மாலையானால் கால் வீக்கம், தலையணையை உயர்த்தாமல் படுக்க இயலாமை ஆகிய துன்பங்களோடு நாளைக் கழிப்போர் உளர். பரிசோதித்த வைத்தியர் ‘இருதயச் செயலிழப்பு’ என்று எழுதித் தந்து, நிபுணரைக் காணுமாறு அனுப்புகிறார். நிபுணரைக் காணும் நாளோ பல வாரங்கள் தள்ளி அமைகிறது. அந்த இடைக்காலத்தைக் கழிக்கும் முறையை இங்கே ஆராய்வோம்.

பெயரைக் கேட்டே பலர் மனமுடைந்து போகின்றனர். இருதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருளன்று. கிணற்றுப் பம்பு தளர்ந்தால் மேட்டு வயலுக்கு நீர் ஏறுவதில்லை. பள்ளத்திலோ நீர் தேங்குகிறது. அவ்வாறே தளர்ந்த இருதயத்தால் உடலுக்குப் போதிய இரத்தம் செல்லாமல், நுரையீரலிலும் கால்களிலும் நீர் கோத்துக்கொள்கிறது. 2013-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் இந்நோயால் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,205 பேரைப் பற்றிப் பதிவு செய்தபோது, அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 72 பேருக்கு இருதய இரத்தக்குழாய் நோயே காரணமாகக் காணப்பட்டது. கவனியாத இரத்தக் கொதிப்பும், இளமையில் வந்த வாதக்காய்ச்சலால் பழுதுற்ற வால்வும் பிற காரணங்களாகும்.

காத்திருக்கும் காலம் வீண் காலமன்று. எனலாப்ரில் என்னும் மாத்திரை, கடுமையான இருதயத் தளர்ச்சி உடையோரின் ஆயுளை நீட்டிக்கிறது என்பது 1987-லேயே மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் வேறு பல நல்ல மருந்துகளும் வந்துள்ளன. ஆனால், சற்றுச் சுகம் கண்டதும் மாத்திரையை நிறுத்துவதும், காசை மிச்சப்படுத்த ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது. நோன்போ விரதமோ இருக்க விரும்புவோரும் முன்னதாக வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

சங்கத்தில் நூலை நிறுத்துக் கொடுத்து, துணியை நிறுத்து வாங்குகிறோம். நோயாளியும் அவ்வாறே தம் உடலுக்குக் கணக்கு வைத்தல் வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே தராசில் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்து வருக. மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் அது சதையன்று, நீரே. வீக்கம் கண்ணுக்குத் தெரியுமுன் தராசு அதனைத் தெரிவிக்கும். அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருத்தல் நலம். பழைய சோற்றில் கல்லுப்பை அள்ளிப் போடும் பழக்கமும், ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவையும் விலக்கத்தக்கன. குடிக்கும் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டறிக. குழித்தறியில் அமர்ந்து இடுப்பு நோகும் நெசவாளர், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குதல் கூடாது. அவற்றுள் பல, உடலில் நீரைத் தேக்கி இருதயத்தை மேலும் தளர்த்தும்.

வேலையை அறவே விட்டுப் படுத்துவிடுவதும் தவறு. மூச்சு இரைக்காத அளவில் நடக்கலாம். வைத்தியர் அனுமதித்தால் இலேசான வேலையும் செய்யலாம். படுத்திருக்கையிலும் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினால், குறித்த நாள் வரட்டும் என்று இராமல் உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. எனினும் பெரிய சிகிச்சைக்கு நம்மவர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடந்து திருநெல்வேலிக்கோ, மலை தாண்டித் திருவனந்தபுரத்திற்கோ செல்கின்றனர். ஒருநாள் கூலியும் வண்டிச் செலவும் போகும் அப்பயணம் பயன்பட, பழைய சீட்டுகள், ஈ.சி.ஜி., எக்கோ அறிக்கைகள், உண்ணும் மாத்திரைகள், எடை நோட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வைத்து எடுத்துச் செல்க.

இங்கே சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆள் நிற்கும் தராசு ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைப்பதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. நோயுற்ற அங்கத்தினரின் பாவைப் பிறர் முடித்துக் கொடுப்பதும், ஆஸ்பத்திரி நாளில் துணைக்கு ஒருவரை அனுப்புவதும் நம்மால் ஆகக்கூடியவையே. நூலுக்கும் விதைக்கும் ஒன்றுகூடிய நாம், நோய்க்கும் ஒன்றுகூடுவோமாக.