புளி போட்டுத் தேய்த்த இத்தாலிய விளக்கு

ரயில் பெட்டிகளின் 110 வோல்ட் விளக்குகளோடு 33 வருடங்கள் குப்பை கொட்டியவன் நான். விளக்கைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற நினைப்பு உண்டு. அந்த நினைப்பு 2019-ல் இத்தாலியின் மிலான் நகரில் உடைந்தது.

அங்கே வேலை பார்க்கும் மகளின் வாடகை வீட்டு ஹாலில், சோபாவின் இருபுறமும் ஒரு ஜோடி சுவர் விளக்குகள். சுவரில் பித்தளைத் தகடு, அதிலிருந்து வளைந்து வரும் மெல்லிய பித்தளைக் குழாய், முனையில் பால் வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணம். பித்தளை பழுப்பேறிக் கறுத்திருந்தது. நம் வீட்டுப் பழக்கம் விடுமா? மும்பையிலிருந்து கொண்டு போன புளியைக் கரைத்து, ஒரு விளக்கைக் கழற்றி, வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்து மாட்டினேன். "தங்கம் மாதிரி இருக்கே!" என்றாள் மனைவி.

மறுநாள் வீட்டுச் சொந்தக்கார அம்மாள் வந்தார். எண்பதைத் தாண்டியவர். விளக்கைப் பார்த்தவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல ஏதோ சொன்னார்.

"அப்பா, கல்யாணமான புதுசுல, 1958-ல அவர் கணவர் வாங்கினதாம். அந்த நிறம் வர 60 வருஷம் ஆச்சாம்" என்றாள் மகள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதன் பிறகுதான் அந்த விளக்குகளின் கதையைத் தேடிப் படித்தேன். 1943 குண்டுவீச்சில் சிதைந்த மிலான், போருக்குப் பின் புது வீடுகளாக எழுந்தது. ஜீனோ சார்ஃபாத்தி 1939-ல் தொடங்கிய ஆர்த்தேலூச்சே, 1946-ல் பிறந்த ஸ்டில்நோவோ போன்ற விளக்கு நிறுவனங்கள் அங்கேதான் வளர்ந்தன. சார்ஃபாத்தி பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனாலும் 600-க்கும் மேற்பட்ட விளக்குகளை வடிவமைத்தார். டிப்ளமோக்காரனான எனக்கு இதில் ஒரு தெம்பு! தொங்கும் சரங்களையும் பூ வேலைப்பாட்டையும் உதறிவிட்டு, குழாய், கண்ணாடி, பல்பு இவற்றையே அழகாக்கினார்கள் இந்தத் தலைமுறையினர். வெள்ளைக் கண்ணாடியும் தெளிந்த கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஊதிய கிண்ணம், ஒளியைக் கண் கூசாமல் பரப்பும். பித்தளையின் மேல் பெரும்பாலும் மெல்லிய லாக்கர் பூச்சு இருக்கும். தேய்த்தால் அதுவும் போகும், காலம் தந்த பழுப்பும் போகும்.

இதைப் படித்த பிறகு மற்ற விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பகீரென்றது. உள்ளே ஓடும் வயரின் ரப்பர் உறை, விரல் பட்டதும் உதிர்ந்தது. எர்த் வயரே இல்லை. என் இரண்டு வயதுப் பேரன் சோபாவில் ஏறி அந்தப் பித்தளைக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான்! வெளியே தேய்க்கும் மும்முரத்தில் உள்ளே பார்க்க மறந்த நான் என்ன எஞ்சினியர்?

அந்த அம்மாளின் சம்மதத்துடன், அவர் அழைத்து வந்த எலக்ட்ரீஷியனும் நானும் இரண்டு விளக்குகளுக்கும் வெப்பம் தாங்கும் புது வயர் போட்டோம். பச்சை மஞ்சள் எர்த் வயரைப் பித்தளையோடு இணைத்தோம். சூடு குறைய எல்.ஈ.டி. பல்பு. கண்ணாடியைப் பிடிக்கும் திருகுகளை முழுக்க இறுக்கவில்லை. சூட்டில் விரிய இடம் இல்லாவிட்டால் கண்ணாடி விண்டுவிடும்.

இரண்டும் எரிந்தபோது, ஒன்று தங்கமாக, ஒன்று பழுப்பாக. அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "இதுவும் கறுக்கும், பொறுத்திருப்போம்" என்றாராம்.

அன்பர்களே, குத்துவிளக்கு தேய்க்கத் தேய்க்க அழகு. இப்படிப்பட்ட பழைய மின்விளக்கு கையில் கிடைத்தால் புளியை எடுக்காதீர்கள். முதலில் வயரைப் பாருங்கள்.